ஸ்டேட்டஸ் போடுவதற்கு முன்னால் யாரைக் கேட்டோம்?

2023 மார்கழி பிறந்த ஞாயிற்றுக்கிழமையை நம்ம திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். டிசம்பர் 17, 18 இரண்டு நாளும் பேய்மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது, தாமிரபரணி கரையை மீறி நெல்லை ஜங்ஷனும் சிந்துபூந்துறையும் தண்ணீரில் நின்றன, ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளோடு அப்படியே மாட்டிக்கொண்டது. அந்த நாட்களில் வாட்ஸ்அப் செய்த உதவியைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். யார் மாடியில் சிக்கியிருக்கிறார்கள், யாருக்குச் சர்க்கரை மாத்திரை வேண்டும், எந்தத் தெருவுக்குப் படகு போகும், எல்லாம் போனில்தான் ஓடியது.

நானும் பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு ஒரு பட்டியல் தயார் செய்தேன். பெயர், கதவு எண், தெரு, போன் நம்பர், சில பேருக்குப் பக்கத்தில் 'வயதானவர், தனியாக இருக்கிறார்' என்று குறிப்பு. ஏழெட்டு குரூப்பில் தட்டிவிட்டேன். அன்றைக்கு அது உதவியது, நிஜம். தண்ணீர் வடிந்து மூன்று மாதம் கழித்து அந்தப் பட்டியலில் இருந்த ஒரு அம்மாவின் மகள் என்னைக் கூப்பிட்டாள். "அண்ணாச்சி, அந்த மெசேஜ எப்படியாவது எடுத்துரச் சொல்லுங்க. அம்மாவுக்கு இன்னும் போன் வருது. நேத்து ராத்திரி எவனோ ஒருத்தன், தனியாவா இருக்கீங்கன்னு கேக்கான்."

எடுக்க முடியவில்லை. வாட்ஸ்அப்பில் நாம் அனுப்பியதை எல்லோருக்கும் அழிக்கிற வசதி ஏறக்குறைய இரண்டரை நாள் வரைதான் வேலை செய்யும், அதுவும் நாம் அனுப்பிய இடத்தில் மட்டும். அங்கிருந்து எடுத்து வேறொருவர் வேறொரு குரூப்பில் போட்டது நம் கைக்கு வராது. நல்ல எண்ணத்தோடு செய்ததுதான், அந்த நல்ல எண்ணம் அந்த அம்மாவுக்கு ராத்திரி ஒரு மணிக்கு என்ன உதவி செய்தது?

இப்போது யோசித்தால் செய்ய வேண்டியது ரொம்பச் சின்ன விஷயம். முழு விவரத்தையும் மீட்புக்குப் போகிற நாலு பேருக்கு மட்டும் தனியாக அனுப்பியிருக்கலாம். குரூப்பில் 'சிந்துபூந்துறையில் ஒரு வீட்டில் இருவர், விவரத்துக்கு என்னைக் கூப்பிடவும்' என்று என் நம்பரைப் போட்டிருக்கலாம். மேலே தேதியும் நேரமும் எழுதியிருக்கலாம். அவர்களைக் கூட்டி வந்ததும் 'மீட்டாச்சு, இனி பகிர வேண்டாம்' என்று அதே குரூப்புகளில் ஒரு வரி போட்டிருக்கலாம். அன்றைய பதற்றத்தில் இதில் ஒன்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

ரத்தம் தேவை என்கிற மெசேஜும் இதே ரகம். எந்த ஆஸ்பத்திரி, எந்தத் தேதி, எத்தனை மணிக்குள் என்று இல்லாத மெசேஜ் வருடக்கணக்கில் சுற்றும். நோயாளி குணமாகி வீட்டுக்குப் போயிருப்பார், இல்லை தவறிப்போயிருப்பார், அந்த வீட்டுக்குப் போன் மட்டும் போய்க்கொண்டே இருக்கும். காணாமல்போன பிள்ளை கிடைத்த பிறகும் அதன் போட்டோ ஓடுவதை யாரும் நிறுத்துவதில்லை. பகிர்வதற்கு முன்னால் அதில் இருக்கிற நம்பருக்கு ஒரு தடவை கூப்பிட்டுக் கேளுங்கள், அரை நிமிட வேலை. மெசேஜுக்கு மேலே இரட்டை அம்புக்குறி தெரிந்தால் அது ஏற்கெனவே பல கை மாறி வந்தது என்று அர்த்தம். 2020 ஏப்ரலில் இருந்து அந்த மாதிரி மெசேஜை ஒரு நேரத்தில் ஒரே ஒரு அரட்டைக்குத்தான் அனுப்ப முடியும். அந்தக் குறியைப் பார்த்தால் கை கொஞ்சம் தயங்கட்டும்.

அப்புறம், நான் இதை எழுத உட்கார்ந்ததற்கு முக்கியமான காரணம் சடங்கு பத்திரிகை.

பெரிய மனுஷியான பிள்ளைக்குச் சடங்கு வைக்கிறோம், தாய்மாமன் சீர் வருகிறது, சொந்தபந்தம் கூடுகிறது. அந்த வழக்கம் வேண்டுமா வேண்டாமா என்பதை இங்கே பேச வரவில்லை, அது அவரவர் வீட்டு முடிவு. அந்தப் பத்திரிகையை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்கிறோமே, அதைத்தான் சொல்கிறேன். ஒரு தடவை நிதானமாக அதைப் பாருங்கள். பிள்ளையின் பெரிய போட்டோ, முழுப்பெயர், அப்பா பெயர், ஊர், தெரு, மண்டபம், தேதி, இரண்டு போன் நம்பர். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் பிள்ளையின் உடம்பைப் பற்றிய ஒரு செய்தி. இதை யார் பார்க்கிறார்கள்? பெரியப்பா, சித்தி, அத்தை மட்டுமா? நம்பர் சேமித்து வைத்திருக்கிற எல்லோரும்தான். சிலிண்டர் போடுகிறவர், வட்டிக்கடைக்காரர், பழைய குடித்தனக்காரர், ஸ்கூல் ஆட்டோக்காரர். அவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்று சொல்ல வரவில்லை, அவர்களுக்கு இது தெரிய வேண்டிய அவசியம் என்ன என்று கேட்கிறேன்.

என் அண்ணன் மகள் அப்போது ஏழாம் வகுப்பு. அண்ணன், மதினி, நான், மாமன்மார் எல்லோரும் ஸ்டேட்டஸ் வைத்தோம். விசேஷம் முடிந்து திங்கட்கிழமை பள்ளிக்குப் போனவள் மத்தியானமே வயிற்று வலி என்று திரும்பி வந்துவிட்டாள். சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டபோது பாவாடை நுனியைத் திருகிக்கொண்டே சொன்னாள்: "சித்தப்பா, எங்க கிளாஸ் பையங்க எல்லாருக்கும் அந்த போட்டோ வந்துருக்கு. பேரச் சொல்லாம, 'அழைப்பிதழ்'னு கூப்பிடுதாங்க." எங்களில் ஒருத்தர்கூட அவளிடம், போடட்டுமா என்று கேட்டிருக்கவில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் என்ன கேட்பது என்று நினைத்துவிட்டோம்.

வேண்டுமென்றால் வழி இருக்கிறது. அச்சடித்த பத்திரிகையைக் கையில் கொடுத்து அழைப்பது நம்ம ஊர் மரியாதைதானே, அதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். தூரத்தில் இருப்பவர்களுக்கு, 'எங்கள் இல்ல விழா' என்று தேதியும் மண்டபமும் மட்டும் போட்டு, போட்டோ இல்லாமல், ஒவ்வொருவருக்கும் தனியாக அனுப்புங்கள். ரோட்டோரம் வைக்கிற பிளெக்ஸும் இதில் சேர்த்திதான். அதை யாரோ ஒருவர் போட்டோ எடுத்துப் போட்டால் மறுபடி அதே கதை.

ஆவணங்கள் விஷயத்தில் எல்லோருமே கொஞ்சம் அசட்டையாக இருக்கிறோம். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் பிள்ளையின் மதிப்பெண் பட்டியலை அப்படியே படம் பிடித்துப் போடுகிறோம், அதில் பதிவெண், பிறந்த தேதி எல்லாம் இருக்கும். சந்தோஷத்தைச் சொல்ல மார்க் மட்டும் போதும். ஜெராக்ஸ் கடைக்குப் பிரிண்ட் எடுக்க ஆதாரை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம், அந்தக் கடைக் கம்ப்யூட்டரில் அது எத்தனை நாள் கிடக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. பிரிண்ட் கைக்கு வந்ததும் கண்முன்னாலேயே அழிக்கச் சொல்லுங்கள், தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கடைசி நாலு எண் மட்டும் தெரிகிற மாதிரி மறைத்த ஆதாரை, ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். பெரும்பாலான இடங்களில் அடையாளத்துக்கு அதுவே போதும்.

குற்றாலத்துக்குக் குடும்பத்தோடு போனால் படத்தை வீட்டுக்கு வந்த பிறகு போடுங்கள். வீடு பூட்டிக் கிடக்கிறது என்று ஊருக்கே சொல்ல வேண்டாம்.

நான்கு வழிச்சாலையில் விபத்து நடந்தால் இப்போது ஆம்புலன்ஸுக்கு முன்னால் கேமரா வந்துவிடுகிறது. வள்ளியூர்ப் பக்கம் எனக்குத் தெரிந்த குடும்பம். மகன் வளைகுடாவில் வேலை பார்க்கிறான். அப்பா விபத்தில் இறந்ததை எப்படிப் பக்குவமாகச் சொல்வது என்று சித்தப்பாமார் கூடிப் பேசிக்கொண்டிருந்தபோதே அங்கிருந்து போன் வந்துவிட்டது. ஊர் குரூப்பில் வீடியோ பார்த்திருக்கிறான். முகம் தெரியவில்லை, வண்டி நம்பரை வைத்துக் கண்டுபிடித்திருக்கிறான். அறையில் யாரும் இல்லாத நேரம், கையில் அந்தப் போன் மட்டும். அந்த வீடியோவை எடுத்தவருக்கும் அதை அனுப்பிய பத்து இருபது பேருக்கும் அவன் ஒருவன் இருப்பதே தெரியாது. சாலையில் கிடப்பவரைப் பார்த்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். சாட்சிக்காகப் படம் எடுத்தால் போலீசிடம் கொடுங்கள், குரூப்பில் போடாதீர்கள்.

'நான் எழுதவில்லையே, வந்ததை அனுப்பினேன், அவ்வளவுதான்' என்பது எல்லோரும் சொல்கிற சமாதானம். அது நீதிமன்றத்தில் நிற்காது. 2018-இல் பெண் பத்திரிகையாளர்களைப் பற்றி வேறு யாரோ எழுதிய கேவலமான பதிவை நடிகர் எஸ்.வி.சேகர் பேஸ்புக்கில் பகிர்ந்தார். எதிர்ப்பு வந்ததும் நீக்கினார், மன்னிப்பும் கேட்டார். ஆனாலும் 2023 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்ய மறுத்துவிட்டது. பகிர்ந்த செய்தி வில்லில் இருந்து கிளம்பிவிட்ட அம்பு மாதிரி என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. 2024 பிப்ரவரியில் சிறப்பு நீதிமன்றம் ஒரு மாதச் சிறையும் 15,000 ரூபாய் அபராதமும் விதித்தது.

நம்ம மாவட்டத்தில் இது இன்னும் கூர்மையான விஷயம். சாதிப் பெருமை பாட்டைப் பின்னால் ஓடவிட்டு, அரிவாளைக் காட்டி ரீல்ஸ் போடுகிற பையன்களைப் பார்த்தால் எனக்குக் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் வருகிறது. இரு தரப்புக்கு இடையில் பகையைத் தூண்டியதாக வழக்கு வந்தால், இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 196-ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை. போலீஸ் தேர்வுக்கோ வேறு அரசு வேலைக்கோ போகும்போது அந்த வழக்கு முன்னால் வந்து நிற்கும். தம்பிமாரே, பதினைந்து நொடி வீடியோவுக்கு வீட்டில் அப்பா அம்மா பல வருடம் கோர்ட்டுக்கு அலைய வேண்டியிருக்கும்.

பிள்ளைகள் சம்பந்தப்பட்ட வழக்கு என்றால் இன்னும் கவனம் வேண்டும். அடித்த சிறுவனாக இருந்தாலும் சரி, அடிபட்ட சிறுவனாக இருந்தாலும் சரி, பெயரையோ படத்தையோ பள்ளியையோ வெளியிடக் கூடாது. சிறார் நீதிச் சட்டம் 74-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம் உண்டு. 'நியாயம் கிடைக்கட்டும்' என்று எழுதித்தான் பல பேர் அந்தப் படங்களைப் பகிர்கிறார்கள். அந்தப் பிள்ளை நாளைக்கு வேறு பள்ளியில் போய் உட்கார வேண்டுமே?

தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொல்லிவிட்டார்கள். 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. ஆனால் ஒருவர் தானாகவே பொதுவில் வைத்த விவரத்துக்கும், தனி ஆள் தன் சொந்த, வீட்டுத் தேவைக்காகக் கையாளும் விவரத்துக்கும் அந்தச் சட்டம் பொருந்தாது. அதாவது சித்தப்பா ஸ்டேட்டஸில் வைக்கிற படத்தை அந்தச் சட்டம் வந்து தடுக்காது, சித்தப்பாவிடம் வீட்டில்தான் பேச வேண்டும்.

போனில் செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் பிரைவசிக்குப் போய், புரொபைல் போட்டோவையும் 'யார் என்னைக் குரூப்பில் சேர்க்கலாம்' என்பதையும் 'மை காண்டாக்ட்ஸ்' என்று மாற்றுங்கள். ஸ்டேட்டஸுக்கு, குறிப்பிட்ட ஆட்களுக்கு மட்டும் காட்டுகிற வசதி உண்டு, குடும்பப் படத்துக்கு அதைப் பயன்படுத்துங்கள். டூ ஸ்டெப் வெரிபிகேஷன் போட்டு ஆறு இலக்க எண் வைத்துக்கொள்ளுங்கள், ஓடிபியை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். வீட்டில் ஆச்சி, தாத்தா போனிலும் நீங்களே உட்கார்ந்து செய்து கொடுங்கள்.

யாராவது படத்தை வைத்து மிரட்டினால் பணம் கொடுக்காதீர்கள், மெசேஜை அழிக்காதீர்கள், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். காசு போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன். புகாரை தேசிய சைபர் குற்ற இணையதளத்தில் கொடுக்கலாம், மாவட்ட சைபர் கிரைம் பிரிவுக்கு நேரிலும் போகலாம். அந்தரங்கப் படம் பரவாமல் தடுக்க 'ஸ்டாப்என்சிஐஐ' என்று ஒரு தளம் இருக்கிறது, பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் 'டேக் இட் டவுன்'. படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாது, அதன் அடையாளக் குறியீடு மட்டும் பேஸ்புக், இன்ஸ்டாகிராம் மாதிரி தளங்களுக்குப் போகும், அதை வைத்து அங்கே தடுப்பார்கள். பெற்றவர்களுக்கு ஒரு வார்த்தை: பிள்ளை வந்து சொல்லும்போது, 'நீ ஏன் அனுப்பினே' என்பது முதல் கேள்வியாக இருக்க வேண்டாம். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் பல பிள்ளைகள் வாயைத் திறப்பதில்லை.

அந்த அம்மா கடைசியில் நம்பரை மாற்றினார்கள். வீட்டுக்காரர் இருந்த காலத்தில் வாங்கிக் கொடுத்த நம்பர். பென்ஷன், பேங்க், கேஸ் என்று ஒவ்வொரு இடமாக மகள் கூட்டிக்கொண்டு அலைந்தாள், நானும் இரண்டு நாள் கூடப் போனேன். அதற்கு அடுத்த கார்த்திகையில் நல்ல மழை பெய்த ஒரு ராத்திரி, எனக்குத் தொடர்பே இல்லாத ஒரு குரூப்பில் இருந்து நண்பர் ஒருவர் அந்தப் பட்டியலை எனக்கு அனுப்பினார். மேலே தேதி இல்லை. அடியில் 'உடனே அனைவருக்கும் பகிரவும்' என்று இருந்தது, நான் எழுதிய அதே வரி.