பார்சலைப் பிரித்ததும் பாதியை எடுத்து வையுங்கள்

பிரியாணி பார்சலைப் பிரித்ததும், முதல் கவளத்துக்கு முன்பே பாதியை ஒரு டப்பாவில் போட்டு மூடி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். மீதியைத் தட்டில் போட்டுக்கொண்டு உட்காருங்கள். ஒரு பார்சல் இரண்டு வேளைக்கு வரும், காசும் மிச்சம்.

‘வயிறு நிறைந்தால் நிறுத்திவிடலாம்’ என்பது நடக்காத காரியம். நாம் பசியை விட, எதிரே இருக்கும் அளவைப் பார்த்தே சாப்பிடுகிறோம். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2002-இல் வெளிவந்த ஆய்வில், ஒரே பாஸ்தா உணவை 500 கிராமுக்குப் பதில் 1,000 கிராமாக வைத்தபோது மக்கள் ஏறக்குறைய 30 சதவீதம் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். பாதிக்கும் மேற்பட்டோர் அளவு மாறியதையே கவனிக்கவில்லை! உடல் எடை இப்படித்தான் சத்தமில்லாமல் ஏறுகிறது.

சாப்பிட்டு மிஞ்சியதை எடுத்து வைப்பது வேறு. அதற்குள் கை பார்சலில் பெரும்பகுதியைக் காலி செய்திருக்கும்.

வளரும் பிள்ளைகள், கர்ப்பிணிகள், உடலுழைப்பு வேலை செய்பவர்களுக்கு இது வேண்டாம். இன்சுலின் போடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அளவைக் குறைக்கக் கூடாது. வெகுநேரம் வெளியில் கிடந்த சோற்றையும் எடுத்து வைக்காதீர்கள்.