மரத்துப்போகாமல் சைக்கிள் ஓட்ட: பெண்களுக்கு

காட்பாடியிலிருந்து பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி வேலூர் வருவதற்குள் தொடையிடுக்கு மரத்துப்போகிறதென்றால், உடல் எடை இருக்கை எலும்புகளில் (உட்காரும்போது நம்மைத் தாங்கும், புட்டத்தின் அடியிலுள்ள இரு எலும்புகள்) இறங்காமல் முன்புற மென்தசையையும் நரம்பையும் அழுத்துகிறது என்று பொருள். முதலில் சீட்டின் உயரத்தைப் பாருங்கள்: குதிகாலைப் பெடலில் வைத்து அடிவரை இறக்கும்போது, இடுப்பு ஒருபக்கம் சாயாமல் முழங்கால் நேராக நீள வேண்டும். சீட்டின் நுனி மேல்நோக்கியிருந்தால், அடியிலுள்ள நட்டைத் தளர்த்தி, கொத்தனாரின் ரசமட்டத்தை மேலே வைத்து, குமிழி நடுவில் நிற்கும்வரை சரிசெய்து, தேவைப்பட்டால் நுனியை இம்மியளவு தாழ்த்தலாம். பெண்களின் இருக்கை எலும்புகள் பொதுவாகச் சற்று அகன்றிருப்பதால், அதற்கேற்ற அகலமும் நடுவில் பள்ளமும் உள்ள சீட்டே ஏற்றது. கடைக்காரர் முதலில் எடுத்து நீட்டும் மெத்தென்ற ஜெல் உறையில் எலும்பு அமிழ்ந்து, நடுவில் அழுத்தம் கூடிவிடுவதும் உண்டு. 10 நிமிடத்துக்கொருமுறை எழுந்து நின்று மிதியுங்கள். வேலூர் வெயிலில் நனைந்த உடையை வீடு சேர்ந்ததும் மாற்றுங்கள். மரப்பு மறுநாளும் நீடித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.