வழிபாட்டுத் தலத்தில் தாக்குதல்: புகார் கொடுப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோயிலிலோ தேவாலயத்திலோ பள்ளிவாசலிலோ வேண்டிக்கொண்டிருக்கும் ஒருவரை யாராவது தாக்கினால், சாலையில் நடந்த அடிதடியைவிட அதற்குத் தண்டனை மிகக் கடுமையாக இருக்கும் என்றே நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். முதல் தவறு இந்த நம்பிக்கைதான். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா, வழிபாட்டுத் தலம் என்பதற்காகத் தண்டனையைக் கூட்டும் இடங்கள் உண்டு. சாதாரணத் திருட்டுக்கு உச்சவரம்பு 3 ஆண்டு சிறை என்றால், வழிபாட்டுத் தலத்திலிருந்து சிலையைத் திருடினால் பிரிவு 305-இன்படி அது 7 ஆண்டு. மத அடிப்படையில் பகைமையைத் தூண்டும் பேச்சுக்குப் பிரிவு 196-இல் 3 ஆண்டு வரை சிறை. அதே பேச்சு வழிபாட்டிடத்திலோ வழிபாட்டுக் கூட்டத்திலோ நிகழ்ந்தால் 5 ஆண்டு வரை. வழிபாட்டுக்குப் பயன்படும் கட்டடத்தை அழிக்கும் நோக்கத்துடன் தீ வைத்தால் பிரிவு 326-இன்படி ஆயுள் தண்டனை வரை போகலாம்.

ஆனால் அங்கே வழிபட வந்த மனிதருக்கு நேரும் காயத்துக்கு இப்படிப்பட்ட கூடுதல் தண்டனை எதுவும் இல்லை. வேண்டுமென்றே காயம் ஏற்படுத்தினால் ஓராண்டு வரையும் கொடுங்காயம் ஏற்படுத்தினால் 7 ஆண்டு வரையும் சிறை என்ற பொதுவான அளவே தெருவுக்கும் கருவறை வாசலுக்கும் பொருந்துகிறது. வழிபாட்டுக் கூட்டத்துக்கு இடையூறு செய்ததற்காகப் பிரிவு 300-ஐச் சேர்க்கலாம்; அதற்கும் உச்சவரம்பு ஓராண்டுதான். சிலைக்கும் கட்டடத்துக்கும் தந்த தனிக் கவனத்தைச் சட்டம் பக்தருடைய உடலுக்கும் தந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அது நடக்கும் வரை, உள்ள பிரிவுகளைச் சரியாகப் பயன்படுத்துவதே பாதிக்கப்பட்டவருக்குக் கைகொடுக்கும்.

அடுத்த தவறு, மதத்தைக் குறிக்கும் பிரிவு எதுவோ அதுவே வலுவானது என்று எண்ணுவது. நள்ளிரவில் பூட்டை உடைத்து உண்டியலைத் தூக்கிச் சென்றவர்மேல் 'புனித இடத்தை இழிவுபடுத்தினார்' என்று பிரிவு 298-இன்கீழ் வழக்குப் பதியுமாறு வற்புறுத்துவோர் இருக்கிறார்கள். அந்தப் பிரிவுக்கு ஒரு மதத்தை அவமதிக்கும் நோக்கம் மெய்ப்பிக்கப்பட வேண்டும், அல்லது தம் செயலை ஒரு பிரிவினர் அவமதிப்பாகக் கருதக்கூடும் என்ற அறிவாவது செய்தவருக்கு இருந்திருக்க வேண்டும். பணத்துக்காக வந்தவரிடம் அதைக் காட்டுவது கடினம். காட்டினாலும் 2 ஆண்டுக்கு மேல் தண்டனை கிடையாது. வழிபாட்டுக் கட்டடத்துக்குள் அத்துமீறி நுழைவதையும் சட்டம் வீடு புகுந்த குற்றமாகவே கொள்வதால், திருடும் நோக்கத்துடன் இரவில் உடைத்து நுழைந்தவருக்குப் பிரிவு 331(4)-இன்படி 14 ஆண்டு வரை சிறை விதிக்க முடியும். பெரிய தண்டனை இருப்பது சாதாரணப் பிரிவில்தான்!

இதேபோல், எந்தச் சம்பவத்துக்கும் பிரிவு 299-ஐச் சேர்க்கச் சொல்லும் பழக்கத்தையும் கைவிட வேண்டும். மத உணர்வைப் புண்படுத்துவதற்கான அந்தப் பிரிவுக்குச் செயல் திட்டமிட்டதாகவும் தீய எண்ணம் கொண்டதாகவும் இருக்க வேண்டும். கவனக்குறைவாகச் செய்தது அதற்குள் வராது. மேலும் பிரிவுகள் 196, 299 ஆகியவற்றின்கீழ் வரும் குற்றத்தை அரசின் முன் அனுமதி இல்லாமல் நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்க முடியாது. காவல்துறை வழக்குப் பதிந்து புலனாய்வு செய்ய அந்த அனுமதி தேவையில்லை என்றாலும், அனுமதி பெறாமல் தாக்கலாகும் குற்றப்பத்திரிகை அந்த அளவில் செல்லாமல் போய்விடும். எனவே வழக்கு எண் கிடைத்ததோடு நின்றுவிடாமல், அனுமதிக் கோப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

தாமதம் என்ன செய்யும் என்பதற்கு ஒரு பழைய வழக்கே சான்று. 1953-இல் திருச்சியில் பெரியார் ஈ.வெ.ராமசாமி மண்ணாலான பிள்ளையார் உருவத்தைப் பொது இடத்தில் உடைத்தது குறித்த புகாரை, அது புனிதப் பொருள் ஆகாது என்று கீழ்நீதிமன்றங்கள் தள்ளுபடி செய்தன. ஒரு பொருள் முறைப்படி நிறுவி வழிபடப்பட்டதாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை, ஒரு பிரிவினர் அதைப் புனிதமாகக் கொண்டாலே போதும் என்று உச்ச நீதிமன்றம் 1958-இல் விளக்கியது. ஆனால் காலம் கடந்துவிட்டதால் வழக்கை மீண்டும் தொடரச் சொல்ல மறுத்துவிட்டது.

சம்பவத்தின்போது தாக்கியவர் சொன்ன சொற்களைப் புகாரில் எழுதாமல் விடுவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. 'தகாத வார்த்தைகளால் திட்டினார்' என்ற ஒற்றை வரி உள்நோக்கத்தைக் காட்டாது. சாதியையோ மதத்தையோ குறித்து அவர் பேசியதைக் கூச்சமில்லாமல் அப்படியே பதிவுசெய்ய வேண்டும். ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டோர் கூட்டாகச் சேர்ந்து இனம், சாதி, சமூகம், மொழி, தனிப்பட்ட நம்பிக்கை போன்ற காரணத்துக்காகக் கொலை செய்தால் பிரிவு 103(2) மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை விதிக்கிறது. கொடுங்காயத்துக்குப் பிரிவு 117(4) உண்டு. அந்தப் பட்டியலில் மதம் என்ற சொல் நேரடியாக இல்லாததால், காரணத்தைச் சாட்சியத்தால் நிறுவ வேண்டியிருக்கிறது. மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில் காயம்பட்டவர் முதலில் சொல்வதும் பதிவாகிவிடும். பயத்தில் 'கீழே விழுந்தேன்' என்று சொன்னால் பிறகு அதைத் திருத்துவது பெரும்பாடு.

இரத்தத்தைக் கழுவி, இடத்தைத் தூய்மைப்படுத்தி, உடனே வழிபாட்டைத் தொடங்க விரும்புவது இயல்பான மனநிலைதான். ஆயினும் காவல்துறை படமெடுத்துத் தடயங்களைச் சேகரிக்கும் வரை பொறுத்திருக்க வேண்டும். கண்காணிப்புக் கேமராக்களின் பழைய பதிவுகள் தானாகவே அழிந்துவிடும் என்பதால் அன்றே அவற்றைப் பாதுகாத்து, மின்னணுச் சான்றுக்குப் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் பிரிவு 63 கேட்கும் சான்றிதழையும் இணைக்க வேண்டும். சம்பவம் 2024 ஜூலை 1-க்கு முன் நடந்திருந்தால் பழைய இந்திய தண்டனைச் சட்டமே பொருந்தும். பின்னால் வந்த கூடுதல் தண்டனையை முன்னால் நடந்த குற்றத்துக்கு விதிக்க அரசமைப்பின் 20-ஆவது பிரிவு இடம் தராது.

குற்றவாளி பிடிபடவில்லை என்றால் இழப்பீடும் இல்லை என்று நினைத்து ஒதுங்கிவிடுவோர் பலர். அடையாளம் தெரியாதவரால் தாக்கப்பட்டு, வழக்கு விசாரணையே நடக்காத நிலையிலும், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 396-இன்படி மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் பாதிக்கப்பட்டவர் இழப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம்.