நெட் தடுமாறும் மலையில் ஆர்ச்சர்: ரக்னராக் ஆன்லைனில் வில்லெடுப்பவர்களுக்கு

கூடலூர், பந்தலூர் பக்கம் ஆனி, ஆடியில் மழை பிடித்துக்கொண்டால் மரம் சாய்ந்து கரண்டும் போகும், கேபிளும் அறும். கோத்தகிரியிலும் குன்னூரிலும் அதே பாடு ஐப்பசி, கார்த்திகையில். நெட் நின்று நின்று வரும் இப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்து ரக்னராக் ஆன்லைன் என்ற கணினி ஆட்டத்தை ஆட நினைப்பவர் தன் ஆளுக்கு எந்த ஜாப் (தொழில்) எடுக்கலாம் என்று கேட்டால், தயங்காமல் ஆர்ச்சர் (வில்லாளி) என்று சொல்லலாம். ஆனால் ஓடிக்கொண்டே எய்யும் ஆர்ச்சர் வேண்டாம். நின்ற இடத்திலிருந்தே எய்து முடிக்கும் ஆர்ச்சராக வளர்க்க வேண்டும்.

காரணம் இதுதான். நெட் தாமதமாகி லேக் அடிக்கும்போது உங்கள் திரையில் ஆள் ஐந்து கட்டம் தள்ளிப் போயிருப்பான், சர்வர் கணக்கில் பழைய இடத்திலேயே நிற்பான். மான்ஸ்டர் சர்வர் சொல்லும் இடத்தில்தான் அடிக்கும். அடி விழுந்தால் காலும் ஒரு கணம் கட்டிப்போகும், அடுத்த அடிக்கு அது வாய்ப்பாகும். கத்தி எடுத்த தீஃபும் ஸ்வார்ட்ஸ்மேனும் மான்ஸ்டரோடு ஒட்டி நின்று, சரியான நேரத்தில் மருந்து குடித்துப் பிழைக்க வேண்டியவர்கள். மேஜ் மந்திரம் சொல்லும் நடுவில் அடி வாங்கினால் மந்திரம் கலைந்துவிடும். வில்லுக்கு இந்தத் தொல்லைகள் கிடையாது. எதிரி வந்து சேர்வதற்குள் சாய்த்துவிட்டால் லேக் இருந்தும் பெரிய நஷ்டமில்லை.

கொரியாவின் கிராவிட்டி நிறுவனம் 2002-ல் வெளியிட்ட இந்த ஆட்டத்தில் இன்று இரண்டு கணக்கு முறைகள் புழங்குகின்றன. இங்கே சொல்லும் எண்கள் எல்லாம் ரினியூவல் என்ற பெரிய மாற்றத்துக்கு முந்தைய பழைய கணக்குக்கானவை. சேரும் முன் அந்தச் சர்வர் ப்ரீ-ரினியூவலா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ரினியூவல் சர்வரில் இந்தக் கணக்கைப் போட்டால் புள்ளிகள் வீணாகும்.

ஆளை உருவாக்கும்போது ஆறு ஸ்டாட்டுகள் (ஆளின் திறன் எண்கள்) ஒரு அறுகோணத்தில் எதிரும் புதிருமாக இருக்கும். ஒன்றை ஏற்றினால் எதிரில் உள்ளது இறங்கும். டெக்ஸ் (குறித் திறன்) 9, அஜி (சுறுசுறுப்பு) 9, இன்ட் (அறிவு) 9 என்று வையுங்கள். ஸ்ட்ரென்த், வைட்டாலிட்டி, லக் மூன்றும் 1-க்கு இறங்கிவிடும், பரவாயில்லை. வில்லின் டேமேஜ் டெக்ஸிலிருந்து வருகிறது. வாள் பிடிக்கும் பழக்கத்தில் ஸ்ட்ரென்த் ஏற்றுபவர்களுக்குச் சுமக்கும் திறன் கூடும், அம்பின் வலு அநேகமாக அப்படியேதான் இருக்கும்.

எல்லோருக்கும் தொடக்க ஜாப்பான நாவிஸாக ஜாப் லெவல் 10 வரும்வரை கத்தியோடு தள்ளுங்கள். பேசிக் ஸ்கில் 9 முழுவதையும் ஏற்றியிருந்தால்தான் ஜாப் மாற்றித் தருவார்கள். வில்லோ மரங்களை அடித்து அவை போடும் மரக்கட்டைகளைச் சேர்த்துக்கொண்டு பேயோன் ஊருக்குப் போங்கள், அங்கேதான் ஆர்ச்சர் கில்ட். கட்டையின் தரத்துக்கு ஏற்ப மதிப்பெண் மாறும், மொத்தம் 25 வேண்டும். சற்று அதிகமாகவே சேர்த்துப் போனால் திரும்ப அலைய வேண்டாம்.

வில்லைப் பூட்டியும் ஆள் அம்பு விடவில்லை என்றால் பதற வேண்டாம். அம்பு பையில் கிடந்தால் போதாது, அதையும் இரண்டு முறை கிளிக் செய்து பூட்ட வேண்டும். முதல் நாளில் பெரும்பாலோர் தடுமாறும் இடம் இது.

இனி டெக்ஸ். இதை மேலோட்டமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், ஆர்ச்சரின் உயிரே இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. டெக்ஸ் எத்தனையோ அத்தனை தாக்குதல் நேராக வரும். அதோடு டெக்ஸைப் பத்தால் வகுத்து, மீதியைத் தள்ளிவிட்டு, வந்த எண்ணை அதனாலேயே பெருக்கினால் கிடைப்பதும் சேரும். 99 டெக்ஸ் என்றால் 99-ம் 81-ம் சேர்த்து 180. ஒன்றே ஒன்று கூடி 100 ஆனால் 100-ம் 100-ம் சேர்த்து 200. 109-க்கு 209, 110-க்கு 231. ஆக டெக்ஸ் எப்போதும் பத்தின் மடங்கில் நிற்க வேண்டும். ஜாப் போனஸ், உடுப்பு, ஸ்கில் எல்லாம் சேர்ந்த கூட்டுத்தொகைக்குத்தான் இந்தக் கணக்கு. 78-ல் நின்றுகொண்டு மிச்சப் புள்ளியை அஜியில் போடுவது பெரிய நஷ்டம். இரண்டு புள்ளியில் 17 தாக்குதல் அங்கே காத்திருக்கிறது.

ஸ்டாட் ஏற ஏற விலையும் ஏறும். 10 வரை ஒன்றுக்கு 2 புள்ளி, பிறகு ஒவ்வொரு பத்துக்கும் ஒரு புள்ளி கூடி, 91-ஐத் தாண்டினால் ஒன்றுக்கு 11 புள்ளி. அதனால் டெக்ஸை 50 வரை தனியாக ஏற்றிவிட்டு, பிறகு அஜியை இழுத்து வருவது நல்லது. அஜி எய்யும் வேகத்தையும் தப்பிக்கும் திறனையும் தரும். லக்கைத் தொட வேண்டாம், அதற்கு வேளை பிறகு வரும்.

ஸ்கில்லில் முதலில் அவுல்ஸ் ஐ லெவல் 3. அது டெக்ஸை ஏற்றும், அடுத்த கதவையும் திறக்கும். அந்தக் கதவுதான் வல்ச்சர்ஸ் ஐ: ஒவ்வொரு லெவலுக்கும் அம்பு ஒரு கட்டம் கூடுதலாக எட்டும். வில்லின் சொந்த எல்லை 5 கட்டம்தான். வல்ச்சர்ஸ் ஐயை முதலில் 5 வரை கொண்டு போங்கள், காரணம் கீழே வருகிறது. பிறகு டபுள் ஸ்ட்ரேஃப். லெவல் 10-ல் ஒரு அடிக்கு 190 சதவீதம் வீதம் இரண்டு அடி, 12 எஸ்பி (ஸ்கில்லுக்குச் செலவாகும் சக்தி). கூல்டவுன் கிடையாது என்பதால் கை ஓயாமல் தட்டுவார்கள், எஸ்பி காலியானதும் உட்கார்ந்துவிடுவார்கள். ஆபத்து நெருங்கும்போது மட்டும் அதை எடுங்கள், மற்ற நேரத்தில் சாதாரண அம்பே போதும்.

அதன் பிறகு இம்ப்ரூவ் கான்சன்ட்ரேஷன். லெவல் 10-ல் அஜியும் டெக்ஸும் 12 சதவீதம் கூடும், 240 வினாடி நிற்கும், 70 எஸ்பி பிடிக்கும். மறைந்து நிற்கும் எதிரி பக்கத்தில் இருந்தால் வெளிப்பட்டுவிடும். இது போட்ட பிறகு டெக்ஸ் எந்தப் பத்தில் நிற்கிறது என்று ஸ்டாட் ஜன்னலைத் திறந்து பாருங்கள். நான்கும் 10 ஆனால் 40 புள்ளி. ஜாப் 50 வரை போனால் மொத்தம் 49 கிடைக்கும், மிச்ச 9 ஆரோ ஷவருக்கு. கூட்டமாக வருவதை இரண்டு கட்டம் பின்னால் தள்ளும் ஸ்கில் அது.

வேட்டைக்கு எங்கே போவது என்பதில்தான் மலைக்காரர்களின் பாடு தீரும். நகராத மான்ஸ்டர்களைத் தேடிப் போங்கள். ஃப்ளோரா 3 கட்டம்தான் எட்டும், மாண்ட்ரகோரா 4, ஹைட்ரா 7. வில்லின் 5 கட்டமே முதல் இரண்டுக்கும் போதும். ஹைட்ராவுக்கு வல்ச்சர்ஸ் ஐ 3 இருந்தால் 8 கட்டம் ஆகிவிடும், கணக்குப்படி தப்பலாம். ஆனால் லேக்கில் ஒரு கட்டம் பிசகினால் அடி விழும், அதனால்தான் 5 என்றது. இஸ்லூடிலிருந்து படகேறிப் போகும் பயாலான் குகையில் ஹைட்ராக்கள் அடர்த்தியாக நிற்கும். ஒன்றைக் குறிவைக்கும்போது பக்கத்துக் கொத்தின் ஏழு கட்டத்துக்குள் நிற்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். சுற்றித் திரியும் கூட்டத்தில் ஓநாய்களைக் கவனமாகத் தொடுங்கள். ஒன்றை அடித்தால் கண்ணுக்கு எட்டும் மற்றதெல்லாம் துணைக்கு வரும்.

அம்பின் தன்மைதான் அடியின் தன்மை. நீர் வகையான ஹைட்ராவுக்குக் காற்று அம்பு, நில வகையான ஃப்ளோராவுக்கும் மாண்ட்ரகோராவுக்கும் நெருப்பு அம்பு. பேயோன் குகையின் முதல் தளத்தில் ஜோம்பியும் எலும்புக்கூடும் திரியும், அங்கே வெள்ளி அம்பு ஒன்றரை மடங்கு கொடுக்கும், நெருப்பு அம்பு ஒன்றேகால். ஜோம்பி மெல்ல நடப்பதால் நெட் மந்தமாக இருக்கும் இரவுக்கு ஏற்ற இரை. அதே குகையில் பறக்கும் ஃபெமிலியர் வவ்வால்கள் பார்த்தவுடன் பாய்பவை, அவற்றை முதலில் தீருங்கள். பெரிய உருவங்களுக்கு வில் முக்கால் பங்குதான் வேலை செய்யும், ஆரம்பத்தில் அவற்றை விட்டுவிடலாம். கடையில் கிடைக்காத அம்புக்கு ஆரோ கிராஃப்டிங் என்ற குவெஸ்ட் ஸ்கில் உண்டு. குப்பை என்று விற்கும் பொருள்களில் பல அம்பாக மாறும்.

சுமை பாதியைத் தாண்டினால் ஹெச்பியும் (உயிர்) எஸ்பியும் தானாக ஏறாது, 90 சதவீதத்தைத் தாண்டினால் அடிக்கவே முடியாது. சாதாரண அம்பு ஆயிரம் 100 எடை, வெள்ளி, நெருப்பு, காற்று அம்புகள் அதில் இரு மடங்கு. இரண்டு வகை அம்பு, கொஞ்சம் மருந்து, மேப்பில் வேறு இடத்துக்குத் தூக்கிப் போடும் ஃப்ளை விங் பத்து, ஊருக்குத் திருப்பி அனுப்பும் பட்டர்ஃப்ளை விங் ஒன்று. இதற்கு மேல் அள்ளிக்கொண்டு போக வேண்டாம்.

பள்ளத்துக்கு மேலேயும் நீருக்கு மேலேயும் அம்பு போகும், சுவர் மறிக்கும். மேட்டில் நின்று கீழே இருப்பதை அடிப்பது சுகம்தான். ஆனால் உங்களை எட்ட முடியாத சாதாரண மான்ஸ்டர் விலகி ஓடும், பாஸ் என்றால் டெலிபோர்ட் ஆகி எங்கோ போய்விடும்.

இனி நெட். அரட்டைப் பெட்டியில் நோ-கன்ட்ரோல் கட்டளையை (/noctrl) ஒரு முறை அடித்துவிடுங்கள். அதன்பின் ஒரு கிளிக்கில் எதிரி சாயும்வரை சர்வரே அடியைத் தொடரும். நடுவில் லைன் இரண்டு வினாடி திக்கினாலும் அம்பு நிற்காது. ஃப்ளை விங்கை எப்போதும் ஒரே எஃப் பட்டனில் வைத்துக்கொள்ளுங்கள். உதகையில் மார்கழி உறைபனியில் விரல் விறைத்துப் போனாலும் தேடாமல் தட்ட முடிய வேண்டும். ரௌட்டருக்கு மினி யூபிஎஸ் வாங்குவதானால் முதலில் ரௌட்டரின் அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட்டைப் பாருங்கள். 9 வோல்ட் கேட்பதற்கு 12 கொடுத்தால் ரௌட்டர் கருகிவிடலாம். கணினிக்கு வைஃபை வேண்டாம், கேபிள் போதும். லைன் அறுந்தால் ஆள் உடனே மறைவதில்லை, சர்வர் கண்டுபிடிக்கும்வரை அதே இடத்தில் நிற்பான். அதனால் மழை வலுத்த இரவில் பாய்ந்து அடிக்கும் மான்ஸ்டர்கள் உள்ள மேப்புக்குப் போக வேண்டாம்.

பலர் சேர்ந்து ஆடும் பார்ட்டியில் போனால் முன்னே நிற்பவர் மான்ஸ்டரைத் தன்மேல் இழுத்துக்கொள்ளும்வரை அம்பு விடாதீர்கள். முதல் அடி உங்களுடையது என்றால் அது உங்களைத் தேடித்தான் வரும்.

ஜாப் 40-லேயே அடுத்த ஜாப்புக்கு மாறலாம் என்பார்கள். பொறுத்து 50-க்குப் போங்கள், பத்து ஸ்கில் புள்ளி சும்மா வருவதில்லை. ஆண் ஆர்ச்சர் பார்ட் ஆகலாம், பெண் ஆர்ச்சர் டான்சர் ஆகலாம். பாட்டும் ஆட்டமும் பார்ட்டியோடு போகிறவர்களுக்கு. தனியாக, தடுமாறும் லைனில் ஆடுபவருக்கு ஹண்டர் என்ற வேட்டைக்கார ஜாப்தான். பொறிகளை முன்கூட்டியே வைத்துவிட்டு நிற்கலாம், வல்லூறும் தானாகப் பாய்ந்து அடிக்கும். முன்பு தொட வேண்டாம் என்ற லக் இங்கேதான் உதவும்: லக்கில் மூன்றில் ஒரு பங்குதான் வல்லூறு பாயும் சதவீதம். லக் 30 என்றால் பத்து அம்புக்கு ஒரு பாய்ச்சல். அப்போதும் டெக்ஸைப் பத்தின் மடங்கில் நிறுத்திய பிறகு மிஞ்சும் புள்ளியை மட்டும் அதற்குக் கொடுங்கள்.