வேறு மாகாணத்தில் இருக்கும் மகனுக்குப் பயிர்க்காவல் துவக்கைச் சட்டப்படி கொடுப்பது எப்படி

இலங்கையின் வன்னியில் காணி, மாடு, உழவு இயந்திரம் ஆகியவற்றைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் தகப்பன்மார் சிலர், பன்றிக்காவலுக்கு வைத்திருக்கும் ‘12 போர்’ (12-bore) துவக்கையும் அதே வரிசையில் சேர்த்துவிடுகிறார்கள். மகன் திருமணமாகி மதவாச்சிப் பக்கமோ திருகோணமலைப் பக்கமோ குடியேறியிருந்தால், அடுத்த முறை ஊருக்கு வரும்போது எடுத்துச் செல்லட்டும் என்று சொல்லிவிடுவதும் உண்டு. அவ்வாறு செய்வது கொடுப்பவர், வாங்குபவர் இருவரையும் குற்றவாளிகளாக்கும். 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ், அனுமதிப்பத்திரம் யாருடைய பெயரில் இருக்கிறதோ அவர் மட்டுமே அந்தத் துவக்கை வைத்திருக்கலாம். பெற்ற மகன் என்பதால் அந்த உரிமை தானாகக் கைமாறுவதில்லை. ஆகவே கடதாசி வேலை முழுவதும் முடிந்த பின்னரே துவக்கு வீட்டை விட்டு வெளியேற வேண்டும்.

முதலில் தகப்பனுடைய பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். அது ஆண்டுதோறும் டிசம்பர் 31ஆம் திகதியுடன் முடிவடைவது. நடப்பாண்டுக்குப் புதுப்பிக்கப்படாத பத்திரத்தை வைத்துக்கொண்டு கைமாற்றம் பற்றிப் பேசவே முடியாது. துவக்கில் பொறிக்கப்பட்டிருக்கும் இலக்கமும் பத்திரத்தில் உள்ள இலக்கமும் ஒன்றாக இருக்கின்றனவா என்பதையும் சரிபார்க்க வேண்டும். போர்க்கால இடப்பெயர்வுகளில் பத்திரம் தொலைந்து, துவக்கு மட்டும் எஞ்சியிருக்கும் குடும்பங்கள் மாற்றத்துக்கு விண்ணப்பிப்பதற்கு முன்பாக, ஒரு சட்டத்தரணியுடன் சென்று பொலிஸிலும் கச்சேரியிலும் (மாவட்டச் செயலகத்திலும்) அந்த நிலையைச் சீர்செய்துகொள்வதே புத்திசாலித்தனம். காட்டிலோ வயல் வரம்பிலோ கண்டெடுத்த போர்க்கால ஆயுதம் இந்த வழிகாட்டிக்குள் அடங்காது. அதைக் கொடுக்கவும் முடியாது, பதியவும் முடியாது. தானியங்கித் துவக்கு என்றால் 1996ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ஆயுட்சிறை வரை செல்லக்கூடும். கண்டவுடன் தொடாமல் பொலிஸுக்கு அறிவிக்க வேண்டும். மிருகம் தட்டினால் தானாக வெடிக்கும்படி கட்டிவைக்கும் கட்டுத்துவக்குக்கும் எந்தக் காலத்திலும் பத்திரம் கிடைக்காது.

அதிக நேரம் எடுக்கும் பகுதி மகனுடையது. பயிர்க்காவல் துவக்குக்கான அனுமதி விவசாயத் தேவையை அடிப்படையாகக் கொண்டது என்பதால், தகப்பனுக்கு முத்தையன்கட்டுப் பக்கத்தில் வயல் இருப்பது மகனுக்கு உதவாது. மகன் தாம் குடியிருந்து பயிர் செய்யும் மாவட்டத்தில், தமது சொந்தத் தேவையைக் காட்டித் தமது பெயரில் விண்ணப்பிக்க வேண்டும். காணி உறுதி அல்லது காணி அனுமதிப்பத்திரம், அடையாள அட்டை, கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல், பயிர்ச்செய்கை பற்றிக் கமநல சேவை நிலையம் தரும் கடிதம் ஆகியவற்றை முன்கூட்டியே சேர்த்துக்கொள்வது நல்லது. விண்ணப்பம் பிரதேச செயலகம், பொலிஸ் அறிக்கை, மாவட்டச் செயலகம் என்று படிப்படியாகச் செல்லும். பாதுகாப்பு அமைச்சின் அனுமதியும் இதில் சம்பந்தப்படுகிறது. கொழும்பில் கடை நடத்தும் மகனுக்கு இந்த வழி திறக்காது என்பதை, தகப்பன் மனவருத்தப்பட்டாலும், முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. மதவாச்சி போன்ற இடங்களில் அலுவலக வேலை பெரும்பாலும் சிங்களத்தில் நடப்பதால், வன்னியிலிருந்து கொண்டுபோகும் தமிழ்ப் பத்திரங்களுக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் மொழிபெயர்ப்பு எடுத்துவைத்தால் வீண் அலைச்சல் குறையும்.

இதற்கிடையில் தகப்பன், தமக்குப் பத்திரம் வழங்கிய அலுவலகத்துக்கு, இன்ன இலக்கமுள்ள துவக்கை இன்ன மகனுக்கு மாற்ற விரும்புவதாக எழுத்தில் அறிவித்து, அக்கடிதத்தின் பிரதியில் அலுவலக முத்திரை பெற்றுக்கொள்ள வேண்டும். நொத்தாரிசிடம் நன்கொடை உறுதி முடிப்பது காணிக்குப் பொருந்தும். துவக்குக்கு அது அனுமதியாகாது. முதுமையாலோ நோயாலோ தகப்பனால் துவக்கைப் பாதுகாக்க முடியாத நிலை வந்தால், மகனின் விண்ணப்பம் முடியும்வரை பொலிஸ் நிலையத்தில் ஒப்படைத்துப் பற்றுச்சீட்டு பெற்றுக்கொள்ளலாம். அயலவர் வீட்டிலோ மருமகனிடமோ விட்டுவைக்கக் கூடாது.

தகப்பன் இறந்துவிட்டால் முதற்கடமை இதுவே: செத்தவீட்டுச் சந்தடி அடங்கியவுடன் துவக்கையும் மிஞ்சிய தோட்டாக்களையும் பொலிஸில் ஒப்படைக்க வேண்டும். பத்திரக்காரர் இல்லாத வீட்டில் துவக்கு இருக்க முடியாது. பின்னர் மரணச் சான்றிதழுடனும், மற்றப் பிள்ளைகள் தமக்கு ஆட்சேபனை இல்லை என்று கொடுக்கும் சத்தியக்கடதாசிகளுடனும் மகன் விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் உறுதிப்படுத்தி அனுப்பலாம்.

அமெரிக்காவில் உள்ள உறவினர் தங்கள் அனுபவத்தைத் தொலைபேசியில் சொல்லக் கேட்டு, அதை இங்கு பொருத்திப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். அங்குகூட, 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஒரு மாநிலத்தில் வாழும் தகப்பன் வேறு மாநிலத்தில் வாழும் மகனுக்குத் துப்பாக்கியை நேரே கையளிக்க முடியாது. கூட்டாட்சி உரிமம் பெற்ற வணிகர் ஒருவரின் ஊடாக, மகனின் பின்னணி சோதிக்கப்பட்ட பிறகே கொடுக்க முடியும். மரணத்தின் பின் முதுசமாக வருவதற்கு மட்டும் விலக்கு உண்டு. இங்கு அத்தகைய வணிகர் வழி கிடையாது, கச்சேரி வழிதான்.

மகனின் பெயரில் பத்திரம் வந்த பிறகும், மாகாண எல்லை கடந்து எடுத்துச் செல்வதற்கான நாளையும் பாதையையும் இரு பொலிஸ் நிலையங்களுக்கும் தெரிவித்து, எழுத்துமூல அனுமதி கையில் இருக்கும்போது புறப்படுங்கள். பத்திரத்துக்குரிய மகனே மூலப் பத்திரத்துடன் உடன் செல்ல வேண்டும். துவக்கு வெறுமையாகவும், உறையிட்டும், தோட்டாக்கள் வேறு பெட்டியிலும் இருக்க வேண்டும். பேருந்தில் கொண்டு செல்வதை முற்றாகத் தவிர்க்கவும். போய்ச் சேர்ந்தவுடன் மகன் தமது பகுதிப் பொலிஸ் நிலையத்தில் துவக்கைக் காட்டிப் பதிவு செய்துகொள்ள, தகப்பன் தமது பழைய பத்திரத்தை வழங்கிய அலுவலகத்திலேயே திருப்பிக் கொடுத்து, அது இரத்துச் செய்யப்பட்டதற்கான கடிதத்தை வாங்கிக்கொள்ள வேண்டும்.