சென்னை மொட்டைமாடியில் சிவப்பு லெட்யூஸ்: முளைக்க வைப்பதில்தான் பாதி வேலை

அரைக்கீரையும் சிறுகீரையும் தூவிய சில நாட்களில் தலைகாட்டிவிடும். அதே மண்ணில், அதே கையால், சாலட்டில் பச்சையாகச் சாப்பிடும் சிவப்பு லெட்யூஸ் கீரையின் விதையைத் தூவினால் ஒன்றுகூட எழுந்து வராமல் போகலாம். உடனே விதை பழையது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். இந்த விதைக்கு இரண்டு பிடிவாதங்கள் உண்டு. அவை புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் கீரை வளர்ப்பதுபோலத்தான்.

முதலில் காலம். சென்னையில் நவம்பர் பாதியிலிருந்து டிசம்பர் கடைசிவரை விதைக்கலாம். அதற்கு முன்னால் வெக்கை. பிந்தினால் அறுவடை பிப்ரவரிக் கடைசி வெயிலில் போய் மாட்டிக்கொள்ளும். கோவை, ஓசூர்க்காரர்கள் இன்னும் கொஞ்சம் முன்பே தொடங்கலாம். ஊட்டி, கொடைக்கானலில் இருப்பவர்களுக்கு இந்தப் பகுதியே தேவையில்லை.

ரகம்: மாடியில் தொடங்குகிறவர்கள் ‘ரெட் சேல்ஸ்’ வாங்குங்கள். 1985இல், அமெரிக்காவில் சிறந்த புது ரகங்களுக்குத் தரும் ஆல் அமெரிக்கா செலக்ஷன்ஸ் விருது பெற்ற பழைய ரகம். சூட்டில் சீக்கிரம் பூவுக்குப் போகாது, கசப்பும் தாமதமாகத்தான் ஏறும். ‘லோலோ ரோஸ்ஸா’ பார்க்க அழகு. ஆனால் அதன் சுருள் சுருளான ஓரங்களுக்குள் அசுவினிப் பூச்சி புகுந்துகொண்டால் கழுவி முடிப்பதற்குள் சமையல் முடிந்துவிடும்.

இனி விதைப்பு. நிதானமாகப் படிக்கவேண்டிய இடம் இதுதான்.

லெட்யூஸ் விதை ஈரமான பிறகு ஏறக்குறைய 28 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் முளைக்க மறுத்துத் தூங்கிவிடும். நாற்று வளர்க்கும் கறுப்புக் குழித்தட்டை மாடி வெயிலில் வைத்தால் உள்ளே எவ்வளவு சூடேறும் என்று விரலை விட்டுப் பார்த்தாலே தெரியும். இது முதல் பிடிவாதம். இரண்டாவது, பல ரகங்களின் விதைக்கு வெளிச்சம் வேண்டும். 1952இல் அமெரிக்க வேளாண் துறையின் பெல்ட்ஸ்வில் ஆய்வு நிலையத்தில் லெட்யூஸ் விதைகளை வைத்துத்தான் இதைத் துல்லியமாகக் கண்டார்கள்: சிவப்பு ஒளி பட்டால் முளைத்தது, அதையடுத்துத் தொலைசிவப்பு ஒளி (சிவப்பையும் தாண்டிய, கண்ணுக்கு அரிதாகவே தெரியும் ஒளி) பட்டால் நின்றது, மாற்றி மாற்றிக் காட்டினால் கடைசியாகப் பட்ட ஒளி எதுவோ அதன்படி நடந்தது. செடிகள் ஒளியை உணரும் பைட்டோகுரோம் என்ற நிறமியைக் கண்டுபிடிக்க வழி திறந்தது இந்தப் பொடி விதைதான். நமக்கு இதில் வேண்டியது ஒன்றே: விதையின்மேல் மண் போட்டு மூடக்கூடாது.

நான் செய்வது இப்படி. 98 குழிகள் உள்ள தட்டு ஒன்றைக் கத்தரியால் வெட்டி, குளிர்சாதனப் பெட்டியின் காய்கறித் தட்டில் அடங்கும் அளவுக்குச் சிறு துண்டாக்கிக்கொள்கிறேன். தென்னை நார்க்கழிவு மூன்று பங்கு, சலித்த மண்புழு உரம் ஒரு பங்கு. நார்க்கட்டியை ஊறவைத்து இரண்டு முறையாவது அலசிப் பிழிந்துவிடுங்கள். அதிலிருக்கும் உப்பு நாற்றின் வேரைச் சுட்டுவிடும். பல்குத்தும் குச்சியின் நுனியை நனைத்துத் தொட்டால் விதை ஒட்டிக்கொண்டு வரும். குழிக்கு இரண்டு வைத்து லேசாக அழுத்தினால் போதும். தண்ணீருக்குக் கைத்தெளிப்பான்தான், பூவாளி விதையை மூலைக்கு அடித்துச் சென்றுவிடும். தட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு இரண்டு இரவு குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். உறைபனிப் பகுதியில் வேண்டாம்.

ஈரத் துணியில் விதையை மடித்து வைக்கச் சொல்பவர்களும் உண்டு. முளை வரும், ஆனால் மயிரிழை வேர் துணியில் பின்னிக்கொள்ளும். பிரித்தெடுக்கும்போது பாதி அறுந்துபோகும். தட்டோடு குளிரவைப்பதே மேல்.

வெளியே எடுத்ததும் வீட்டுக்குள் குளிர்ந்த, வெளிச்சமுள்ள இடத்தில், தரையோடு வையுங்கள். மூன்று நான்கு நாளில் முளைக்கும். முளைத்த அன்றே காலை வெயிலுக்கு மாற்றவேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் வெள்ளை நூல்போல நீண்டு சாய்ந்துவிடும். மழைக்காலம் என்பதால் மேலே கூரை இருக்கட்டும். ஒரு பெருமழை போதும், தட்டே காலியாகிவிடும்.

நான்கைந்து இலை வந்ததும் மாலை நேரத்தில் செடி வளர்க்கும் பைக்கு மாற்றுங்கள். ஆழம் ஒன்பது அங்குலம் போதும், ஏனென்றால் வேர் மேலோட்டமாகத்தான் ஓடும். நீளமான செவ்வகப் பைகளே எனக்குப் பிடித்தவை. வட்டப் பையில் இடம் வீண். செடிக்குச் செடி எட்டு அங்குலம். நடுக்குருத்து மண்ணுக்குள் போகாமல் நடுங்கள், போனால் அழுகும். ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக இருந்தால் பிடித்துவைத்த மழைநீரை இதற்கென்று ஒதுக்குங்கள். பஞ்சகவ்யம், மீன் அமிலம் போன்ற கரைசல் உரங்களை இலைமேல் தெளிக்கவேண்டாம். பச்சையாகச் சாப்பிடும் இலை இது. மண்புழு உரம் ஒரு கைப்பிடி, பதினைந்து நாளுக்கு ஒருமுறை, வேரைச் சுற்றி. அவ்வளவுதான்.

நட்ட ஒரு மாதத்தில் வெளி இலைகளை அடியோடு கிள்ளத் தொடங்கலாம். குருத்தைத் தொடாதீர்கள். காலையில் பறித்த இலைதான் மொறுமொறுப்பாக இருக்கும்.

பின்னர் சேர்த்தது:

“இலை சிவக்கவே இல்லை, பச்சையாகவே இருக்கிறது” என்று பலர் எழுதியிருந்தார்கள். விசாரித்தால் அனேகமாக எல்லோரும் பச்சை நிழல்வலைக்கு அடியில்தான் வைத்திருந்தார்கள். சிவப்பைத் தருவது ஆந்தோசயனின் என்ற நிறமி; அது நேர் வெயிலும் குளிர்ந்த இரவும் சேர்ந்தால்தான் கூடும். டிசம்பர், ஜனவரியில் வலையைச் சுருட்டிவிடுங்கள். பிப்ரவரி வந்ததும் பதினொன்றிலிருந்து மூன்று மணிவரை மட்டும் விரியுங்கள். ஒருவர் வலையே இல்லை என்றார். பாலிகார்பனேட் கூரைக்கு அடியில் வைத்திருந்தார். அது புற ஊதாக் கதிரைத் தடுத்துவிடும், நிறம் ஏற அந்தக் கதிரும் உதவும். கூரை நாற்றுக்கு மட்டும் போதும். இலையின் அடிப்பாகம் எப்போதும் பச்சைதான், அது குறையில்லை.

நடுத்தண்டு திடீரென்று உயர்ந்து, இலைகள் கூராகி இடைவெளி விட்டுப் போனால் பூக்கப் போகிறது என்று பொருள். ஒடித்தால் வெள்ளைப் பால் நிறைய வரும், கசக்கும். எந்த உரமும் அதைத் திருப்பாது. மற்றவற்றைப் பிடுங்கிவிட்டு நல்ல சிவப்பாக இருந்த செடியை மட்டும் விதைக்கு விடுங்கள். தன் மகரந்தத்தில் காய்க்கும் செடி, ஒன்றே போதும். சிறு மஞ்சள் பூக்கள் உதிர்ந்து வெள்ளைப் பஞ்சு தெரியும்போது காகித உறையால் மூடிக்கட்டுங்கள். இல்லாவிட்டால் காற்று கொண்டுபோய்விடும்.

பொரியல் செய்யலாமா என்றும் கேட்டிருந்தார்கள். வதங்கினால் சிவப்பு மங்கிப் பழுப்பாகும், கைப்பிடியளவு சுருங்கும், வேண்டாம். வெங்காயம், வெள்ளரியோடு கலந்து எலுமிச்சை பிழியுங்கள். புளிப்பில் அந்தச் சிவப்பு இன்னும் பளிச்சென்று தெரியும்.