வீட்டில் மின்சாரச் சிக்கனம் பழக்கமாக மாற என்ன செய்யலாம்?

"லைட்டை அணை, ஃபேனை அணை" என்று சொல்லிக்கொண்டே இருந்தால் கரண்ட் பில் குறையாது. சுவிட்ச் போடுபவர் ஒருவர், பணம் கட்டுபவர் வேறொருவர். பில்லும் மாதம் ஒன்றோ இரண்டோ கழித்துத்தான் வருகிறது. எந்த நாளில் எது அதிகம் இழுத்தது என்று அதற்குள் யாருக்கும் நினைவிருக்காது.

எனவே முதல் வேலை, அன்றாடச் செலவைக் கண்ணில் காட்டுவது. மீட்டர் அருகே ஒரு தாளை ஒட்டி, தினமும் ஒரே நேரத்தில் ரீடிங்கை எழுதுங்கள். டிஜிட்டல் மீட்டரில் தேதி, வோல்டேஜ், உச்சத் தேவை என்று எண்கள் மாறி மாறி வரும். கேடபிள்யூஹெச் (kWh) என்று வருவதே யூனிட். பலர் தவறுவது இங்கேதான். எழுதும் பொறுப்பை பில் கட்டுபவரிடம் தராமல், வீட்டில் அதிக நேரம் இருப்பவரிடம் கொடுங்கள். முதல் வாரம் எதையும் மாற்ற வேண்டாம், வழக்கமான செலவு எவ்வளவு என்று தெரியட்டும்.

அடுத்து, இரவில் வழக்கம்போல எல்லாவற்றையும் அணைத்து, ஃபிரிட்ஜ் பிளக்கையும் சில நிமிடம் பிடுங்கிவிட்டு மீட்டரின் சிவப்பு விளக்கைப் பாருங்கள். ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்பது மீட்டர் முகப்பில் அச்சாகியிருக்கும். அது 3200 என்றால், முதல் சிமிட்டலில் தொடங்கி பதினொன்றாவது வரை எத்தனை விநாடி என்று பார்த்து, 11,250-ஐ அதனால் வகுங்கள். 375 விநாடி என்றால் 30 வாட். நாள் முழுக்க இப்படி ஓடினால் மாதம் சுமார் 22 யூனிட் வீண். (வேறு எண் என்றால் 3,60,00,000-ஐ அந்த எண்ணாலும் விநாடியாலும் வகுக்கவும்.)

பெரும்பாலும் ரிமோட்டில் மட்டும் அணைத்த டிவி, செட்டாப் பாக்ஸ், இன்வெர்ட்டர் இவைதான் காரணம். பிளக் பாயின்ட் அலமாரிக்குப் பின்னால் இருந்தால் யாரும் குனிந்து அணைக்கமாட்டார்கள். சோம்பேறித்தனம் என்று திட்டிப் பயனில்லை. டிவி, செட்டாப் பாக்ஸ் இரண்டையும் சுவிட்ச் உள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சேர்த்து, கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். அயர்ன் பாக்ஸ், ஹீட்டரை அதில் மாட்டாதீர்கள், ஒயர் சூடாகும். செட்டாப் பாக்ஸ் மறுபடி கிளம்பச் சில நிமிடம் ஆகலாம். அந்த எரிச்சலில்தான் பலர் பழக்கத்தைக் கைவிடுகிறார்கள், எனவே இரவில் மட்டும் அணைத்தால் போதும்.

புதுப் பொருள் வாங்கத் தடை பெரும்பாலும் கைக்காசுதான். 75 வாட் ஃபேனுக்குப் பதில் 30 வாட் பிஎல்டிசி ஃபேன் (குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் உள்ளது) தினம் 12 மணி நேரம் ஓடினால் மாதம் 16 யூனிட் மிச்சம். ஸ்லாப் கட்டணம் (யூனிட் கூடக் கூட விலையும் படிப்படியாக ஏறும் முறை) என்றால் குறையும் யூனிட், விலை அதிகமான மேல் ஸ்லாபிலிருந்துதான் கழியும். சராசரி விலையில் கணக்குப் போட்டால் லாபம் குறைவாகத் தெரியும். வாடகை வீட்டில் இருப்பவர்கள் பழைய ஃபேனைப் பத்திரப்படுத்திவிட்டு, காலி செய்யும்போது புதியதைக் கழற்றிக்கொண்டு போகலாம்.

பக்கத்து வீட்டோடு ஒப்பிடுவதில் ஒரு சிக்கல் உண்டு. கலிபோர்னியாவின் சான் மார்கோஸில் நடந்து 2007-இல் வெளியான ஆய்வில், அக்கம்பக்கத்துச் சராசரியைச் சொன்னதும், அதைவிடக் குறைவாகச் செலவழித்தவர்கள் கூடுதலாகச் செலவழிக்கத் தொடங்கினார்கள். கூடவே ஒரு சிரிப்பு முகம் வரைந்து பாராட்டியபோது அப்படி நடக்கவில்லை. உங்கள் தாளிலும் குறைந்த நாளுக்கு ஒன்று வரையலாம். வெயில் வாரத்தை வெயில் வாரத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

ஒரு மாதத்துக்குப் பிறகு வாரம் ஒரு ரீடிங் போதும். காரணமில்லாமல் ஏறினால், முதலில் இரவுச் சிமிட்டலை எண்ணிப் பாருங்கள்.